பழைய பொலிஸ் பிஸ்டலை வாங்கிச் சுடப் பழகுவது எப்படி

அக்கா மகன் ஒஹாயோ போய் மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் போன் எடுத்து, "மாமா, நீங்க அங்கே இருந்தப்போ சனிக்கிழமை சனிக்கிழமை சுடப் போவீங்களே, அந்தப் பழைய பிஸ்டல் விஷயம் எனக்கும் சொல்லித் தாங்க" என்றான். மூன்று இரவு பேசினோம். அப்புறம் ஹட்டனிலிருந்து போன இன்னொரு பையன் அவனிடம் கேட்டு, அவனும் எனக்கே போன் எடுத்தான். சரி, எழுதியே வைத்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். நான் அங்கே பதினைந்து வருடம் லேத் வேலை செய்தவன், இப்போது பண்டாரவளைக்கு வந்து வீட்டோடு இருக்கிறேன். என்னிடமிருந்த ஐந்து பிஸ்டல்களையும் புறப்படும் முன்பே முறைப்படி விற்றுவிட்டேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது மலையகத்தில் இருந்துகொண்டு செய்யக்கூடிய பொழுதுபோக்கு இல்லை. நம் நாட்டில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம்தான் இன்றும் அடிப்படை, அனுமதிப்பத்திரத்தை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். காட்டுப்பன்றிக்குப் பயந்த தோட்டக்காரர் ஒரு பன்னிரண்டு போர் அளவுத் துவக்குக்கு விண்ணப்பிப்பது ஒரு கதை, ஆசைக்காக ஒருவர் பிஸ்டல் கேட்பது வேறு கதை. பாதுகாப்பு அமைச்சு வரை போகும் விஷயம் அது, பொழுதுபோக்கு என்ற காரணத்துக்கு அங்கே இடமில்லை. எவராவது வெலிமடைப் பக்கம் "பழைய சாமான் ஒன்று இருக்கிறது" என்று காதில் சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். இங்கேயே சுடப் பழக ஆசை என்றால் துப்பாக்கி சுடுதலை ஒரு விளையாட்டாக நடத்தும் கழகங்கள் வழியாகத்தான் போக வேண்டும், சொந்தமாக எதையும் தேட வேண்டாம்.

வெளிநாட்டிலும் எல்லா இடமும் ஒன்றல்ல. லண்டனில் இருக்கிறவர்கள் மறந்துவிடலாம், 1997இல் வந்த சட்டங்களோடு அங்கே பிரித்தானியாவில் சாதாரண ஆட்களிடம் கைத்துப்பாக்கி இருப்பது கிட்டத்தட்ட முடிந்துபோனது. கனடாவில் 2022 ஒக்டோபரிலிருந்து தனி ஆட்கள் கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் நிறுத்தப்பட்டிருக்கிறது. சுவிஸில் வாங்கலாம், ஆனால் வாங்குவதற்கென்றே கன்டோன் (அவர்களுடைய மாநிலம்) தரும் அனுமதிக் கடதாசி முதலில் வேண்டும். நான் அனுபவத்தோடு சொல்லக்கூடியது அமெரிக்காவை மட்டும்தான்.

அமெரிக்காவிலும் விசா என்ன என்பதுதான் முதல் கேள்வி. கிரீன் காட் இருந்தால் வாங்கலாம். படிக்கும் விசாவிலோ வேலை விசாவிலோ இருப்பவர்களுக்கு, செல்லுபடியாகும் வேட்டை அனுமதி போன்ற ஒரு சில விதிவிலக்குகளைத் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே ஃபெடரல், அதாவது மத்திய அரசுச் சட்டப்படி, குற்றம். சொந்தமாக வாங்குவது மட்டுமில்லை, சுடும் இடமான ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துக் கையில் பிடிப்பதும் அந்தக் கணக்கில் வரும். நண்பர்கள் "வாடா மச்சான், சும்மா ஒரு தடவை" என்று கூப்பிடுவார்கள். போகாதீர்கள். ஒரு பிற்பகல் ஆசைக்காகக் குடும்பமே காத்திருக்கும் கிரீன் காட்டைப் பறிகொடுக்க வேண்டாம். விதிவிலக்கு இருக்கிறதே என்று அதைப் பிடித்துக்கொண்டு போவதையும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். காத்திருங்கள், பழைய பிஸ்டல் ஓடிப்போகாது.

கிரீன் காட் வந்தபின், 21 வயது நிறைந்திருந்தால் கடையில் 4473 என்ற படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து எடுத்துக்கொள்ளலாம். மாநிலத்துக்கு மாநிலம் மேலதிகச் சட்டம் உண்டு. ஒஹாயோவில் லேசு, கலிஃபோர்னியாவிலும் நியூ ஜேர்சியிலும் கடுமை. பழையவற்றில் ஆசை நிலைத்துவிட்டது என்று தெரிந்தால் சேகரிப்பாளர் அனுமதி ஒன்று இருக்கிறது, 03 வகை என்பார்கள். மூன்று வருடத்துக்கு 30 டொலர். ஐம்பது வருடத்துக்கு மேல் பழையவையும், அரும்பொருள் பட்டியலில் சேர்த்தவையும் வேறு மாநிலத்திலிருந்துகூட நேராக உங்கள் விலாசத்துக்கே வரும். அதற்கென ஒரு பதிவுப் புத்தகத்தில் வந்ததும் போனதும் தேதியோடு எழுத வேண்டும், அந்த அனுமதியை வைத்து வாங்கி விற்று வியாபாரம் செய்யக்கூடாது. என் புத்தகத்தை நான் தோட்டத்தில் ஆள்வரவு பதியும் செக்ரோல் எழுதுவதுபோல எழுதினேன், ஒரு நாளும் தள்ளிப்போடவில்லை.

இனி சாமானுக்கு வருவோம். இந்தச் சின்னப் பிஸ்டல்கள் எங்கிருந்து இவ்வளவு வந்தன என்று தெரிந்தால் எதைத் தேடுவது என்பதும் தெரியும். ஐரோப்பாவில் பொலிஸ்காரர்கள் நெடுங்காலம் 7.65 மில்லிமீட்டர் தோட்டாவைத்தான் வைத்திருந்தார்கள், அமெரிக்காவில் அதையே பாயிண்ட் 32 என்பார்கள். 1970களில் மேற்கு ஜெர்மன் பொலிஸ் அது போதாது என்று பெரிய 9 மில்லிமீட்டர் பராபெல்லத்துக்கு மாறியது, வால்தர் பீபீ பிஸ்டல்கள் மூட்டை மூட்டையாக வெளியே வந்தன. பின்னர் சோவியத் அணி கலைந்து, போலந்தும் ஹங்கேரியும் செக்கும் 1999இல் நேட்டோவில் சேர்ந்தபோது அவர்களுடைய 9 மில்லிமீட்டர் மக்கரோவ் அளவுப் பிஸ்டல்களும் கழிவுக்குப் போயின. கழிவு என்றதும் குப்பை என்று நினைக்கக்கூடாது. பொலிஸ்காரர் இருபது வருடம் இடுப்பில் சுமந்திருப்பார், வருடத்துக்கு ஒரு பெட்டித் தோட்டாகூடச் சுட்டிருக்க மாட்டார். வெளியே உறையில் உரசி நிறம் போயிருக்கும், உள்ளே குழல் புதிதுபோல் இருக்கும். இதுதான் இந்தப் பொழுதுபோக்கின் முழு ரகசியமும். மினுக்கம் போனதை வாங்குங்கள், உள்ளே தேய்ந்ததை வாங்காதீர்கள்.

முதல் பிஸ்டலாக எதை வாங்கலாம் என்று கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வது பெரெட்டா 81, அல்லது செக் நாட்டின் சீசெட் 82. பெரெட்டா 81 பாயிண்ட் 32 அளவு, பன்னிரண்டு தோட்டா பிடிக்கும், கைக்குப் பெரிதாகவும் பாரமாகவும் இருப்பதால் சுடும்போது அதிர்வே தெரியாது. சீசெட் 82 ஏறத்தாழ 800 கிராம், மக்கரோவ் அளவு, அதுவும் பன்னிரண்டு தோட்டா. அதன் குழலுக்குள் ரவையைச் (தோட்டாவிலிருந்து பறந்துபோகும் குண்டை) சுழற்றும் கூரான புரி இருக்காது, பல்கோணமாக வளைந்திருக்கும், அதனால் வெறும் ஈய ரவை போடாமல் செம்பு உறை போட்ட ரவையே போடுங்கள். ரஷ்யாவின் மக்கரோவும் அருமையானது, எட்டுத் தோட்டா, குழல் சட்டத்தோடு (பிஸ்டலின் உடற்பகுதியோடு) அசையாமல் பொருத்தியது, பாகங்கள் குறைவு, கழற்றிப் பூட்டச் சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் சொல்லிக்கொடுத்துவிடலாம். கிழக்கு ஜெர்மனியில் செய்த மக்கரோவுக்கு வேலைப்பாட்டால் விலை கூட, பல்கேரியாவில் செய்தது சுடுவதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

வேண்டாம் என்று சொல்வது போலந்தின் பீ-64ஐ. பார்க்க அழகு. ஏறத்தாழ 620 கிராம்தான், மக்கரோவ் தோட்டாவின் உதை முழுவதும் உள்ளங்கையில் இறங்கும், முதல் சூட்டுக்கு விசையை இழுக்கவே விரல் நோகும். ஹங்கேரியின் பீஏ-63ம் அலுமினியச் சட்டம், அதே கதை. பழகினவர்கள் வாங்கட்டும். புதியவர் அதில் தொடங்கினால் சத்தத்துக்கும் உதைக்கும் பயந்து கண்ணை மூடிச் சுடப் பழகிவிடுவார், பிறகு அந்தப் பழக்கத்தைக் கழற்ற ஒரு வருடம் போகும். வால்தர் பீபீயைப் பற்றி ஒரு சொல். பெரிய கைக்காரர்கள் பிடித்தால் சுட்டதும் பின்னால் வரும் ஸ்லைட், அதாவது நகரும் மேல்பாகம், பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுத்தோலைச் சீவிவிடும். வாங்கும் முன் பிடித்துப் பாருங்கள்.

தோட்டாவின் பெயரில் ஒரு பொறி இருக்கிறது. 9 மில்லிமீட்டர் என்று அடிக்கடி கைக்கு வருபவை மூன்று. குட்டை 9க்குக் கோது (தோட்டாவின் உலோகக் கூடு) நீளம் 17 மில்லிமீட்டர், மக்கரோவுக்கு 18, பராபெல்லத்துக்கு 19. நீளம் மட்டுமில்லை, மக்கரோவ் ரவையின் குறுக்களவு ஏறத்தாழ 9.27 மில்லிமீட்டர், மற்ற இரண்டும் 9.02. பார்வைக்கு அண்ணன் தம்பிபோல் இருக்கும், ஒன்றில் ஒன்றைப் போடக்கூடாது. பெட்டியில் எழுதியிருப்பதும், கோதின் அடியில் குத்தியிருப்பதும், குழலில் குத்தியிருப்பதும் மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பின்தான் மகசீனில், அதாவது தோட்டாக் கூட்டில், ஏற்றுங்கள். பாயிண்ட் 32க்கு வேறொரு சிக்கல், கோதின் அடி விளிம்பு கொஞ்சம் வெளியே நீட்டியிருக்கும். மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டால் மகசீனே இறுகிவிடும். முனையில் குழியுள்ள குட்டையான ரவை போட்டால்தான் இது அதிகம் நடக்கும். 71 கிரெய்ன் எடையுள்ள முழு உறை ரவை போட்டால் அது மகசீனுக்குள் நீளத்துக்கு நிரம்பி நிற்கும், முன்பின் நகராது. நான் அதைத் தவிர வேறெதுவும் போட்டதில்லை.

கடையில் எப்படிப் பார்ப்பது என்பதை நான் துப்பாக்கிக்காரர் யாரிடமும் படிக்கவில்லை, என் அப்பாவிடம் படித்தேன். அப்பா ஹப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) இயந்திரம் பார்க்கும் பிட்டர். கொழுந்து அரைக்கிற ரோலரை நிறுத்தினால் மேசையின் பித்தளைக் கட்டைகளை முதலில் கண்ணால் பார்க்க மாட்டார், கட்டைவிரல் நகத்தை வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே போவார். "கண்ணு மினுக்கத்தைத்தான் பார்க்கும், நகம் தேய்மானத்தைப் பார்க்கும்" என்பார். பிஸ்டலிலும் அதையே செய்தேன்.

கையில் வாங்கியதும் முதல் வேலை மகசீனைக் கழற்றுவது, ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துப் பூட்டுவது, குழலின் பின்வாயில் தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்துச் சுண்டுவிரலாலும் தொட்டு உறுதி செய்வது. கடைக்காரர் இப்போதுதான் பார்த்துக் கொடுத்தார் என்பது கணக்கில் இல்லை. பிறகு கடைக்காரரிடம் கேட்டு, அவர் காட்டும் பக்கம் குழலைத் திருப்பி, கழற்ற அனுமதித்தால் ஸ்லைடைக் கழற்றிவிட்டே பாருங்கள். கட்டைவிரல் நகத்தைக் குழலின் பின்வாயருகே சாய்த்து வைத்தால் மேலேயிருக்கும் விளக்கு வெளிச்சம் நகத்தில் பட்டுக் குழலுக்குள் போகும், முன்வாயால் எட்டிப் பார்த்தால் உள்ளே முழுவதும் பளிச்சென்று தெரியும். டோர்ச் இதைவிட நல்லதில்லை, கண் கூசிவிடும். புரியின் மேடுகள் கூராக, கோடு கோடாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அங்கங்கே கறுப்புப் புள்ளி தெரிந்தால் அது அழுக்காகவும் இருக்கலாம், துரு தின்ற குழியாகவும் இருக்கலாம், ஒரு துணித்துண்டை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். வளையம்போல் ஒரு நிழல் குறுக்கே தெரிந்தால் வாங்காதீர்கள், ஒரு காலத்தில் உள்ளே ரவை சிக்கியிருக்க அதன் பின்னால் இன்னொன்று சுட்டிருக்கிறார்கள், குழல் அந்த இடத்தில் வீங்கியிருக்கிறது.

அடுத்து ஹேமர், விசையை இழுத்ததும் ஊசியை அடிக்கும் சின்னச் சுத்தியல். காலிப் பிஸ்டலில் ஹேமரைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, விசையைத் தொடாமல், பின்னாலிருந்து கட்டைவிரலால் ஹேமரை முன்னுக்குத் தள்ளுங்கள். நல்ல அழுத்தம் கொடுங்கள். விழுந்தால் உள்ளே பிடிக்கிற பல் தேய்ந்துவிட்டது. பிறகு சேஃப்டியைப் போட்டு விசையை இழுங்கள், சேஃப்டியை எடுங்கள், எடுத்தவுடன் ஹேமர் தானாக விழக்கூடாது. வால்தரிலும் மக்கரோவிலும் சேஃப்டியைப் போட்டாலே ஹேமரை இறக்கிவிடும், அந்த வகையில் இறக்கும்போது தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசி முன்னுக்கு வருகிறதா என்று குழலுக்குள் ஒரு பென்சிலை அடிமுனை உள்ளே போகும்படி விட்டு, குழலை மேல்நோக்கிப் பிடித்துப் பார்க்கலாம். பென்சில் துள்ளினால் அந்த சேஃப்டியை நம்ப முடியாது. எல்லாம் சரியாக இருந்தாலும் தோட்டா ஏற்றிய பழைய பிஸ்டலில் ஹேமரை இறக்கும்போது குழல் மண்மேட்டைப் பார்த்தபடிதான் இருக்க வேண்டும்.

சட்டத்திலும் ஸ்லைடிலும் உள்ள இலக்கம் ஒன்றா என்று பாருங்கள், வேறென்றால் எங்கோ இரண்டை உடைத்து ஒன்றாக்கியது. இறக்குமதி செய்தவரின் பெயர் எங்காவது குத்தியிருக்கும், 1968 சட்டத்துக்குப் பின் அது கட்டாயம், சேகரிப்பாளர்கள் அதை வடு என்று முகம் சுளிப்பார்கள், சுடுகிறவருக்கு அதனால் விலை குறையும், நல்லதுதான். மகசீன் இரண்டாவது ஒன்று கிடைக்குமா என்று கட்டாயம் கேளுங்கள். முதல் உலகப்போர்க் காலத்து ஸ்பெயின் ரூபி வகைப் பிஸ்டல்களை எத்தனையோ பட்டறைகள் பிரித்துச் செய்தன, ஒன்றின் மகசீன் இன்னொன்றில் ஏறாது.

அந்த ரூபி வகையில் ஒன்றைத்தான் நான் அவசரப்பட்டு வாங்கினேன். கடைக்காரர் வரிசை நீண்டிருக்கிறது என்றார், நான் ஹேமர் வெளியே தெரியாத அந்தப் பிஸ்டலைச் சோதிக்காமலே காசைக் கொடுத்தேன். ரேஞ்சில் பக்கத்து மேசையில் எப்போதும் நிற்கும் ஒரு வயதான மனிதர், பழைய இராணுவக்காரர், நான் மகசீனை நிரப்பப் போவதைப் பார்த்துக் கையை நீட்டித் தடுத்தார். முதலில் ஒன்று மட்டும் போடு என்றார். போட்டேன், சுட்டது. இப்போது இரண்டு போடு, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடி என்றார். விசையை ஒரு தடவைதான் இழுத்தேன். இரண்டும் போயின. இரண்டாவது எங்கே போனதென்று கூரைத் தகரத்துக்குக் கீழே மரக்கட்டையில் பிறகு பார்த்தோம், புதிதாக வெள்ளையாக ஒரு சிராய். மகசீனில் ஏழு இருந்திருந்தால் ஏழும் போயிருக்கும், கை மேலே மேலே ஏறியிருக்கும். அன்றைக்கு எனக்குக் கால் நடுங்கியது நிற்கப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பிஸ்டலை அதன்பின் நான் சுடவில்லை, பல் தேய்ந்தது என்று எழுதிக்கொடுத்தே பாகங்களுக்காக விற்றேன்.

அதனால், எந்தப் பழைய பிஸ்டலாக இருந்தாலும், யார் என்ன உத்தரவாதம் தந்தாலும், முதல் நாள் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு மறுபடி இரண்டு, அதெல்லாம் ஒழுங்காகப் போனால் மூன்று. அப்புறம்தான் மகசீன் நிரப்புவது.

முதல் சூட்டுக்கு முன்னால் கழுவ வேண்டும். கிடங்கில் இருந்தவை காஸ்மோலின் என்ற தடித்த கிரீஸில் தோய்த்தபடி வரும், பழைய ரோலர் பெயரிங்கில் காய்ந்துபோன கிரீஸ்போலவே நிறமும் மணமும். அதை மேலே துடைத்துவிட்டால் போதாது. ஊசி ஓடும் துளைக்குள் அது காய்ந்து ஊசியை முன்னுக்கு நீட்டியபடி பிடித்துக்கொண்டால், ஸ்லைட் மூடும்போதே தோட்டா வெடிக்கும், விசையைத் தொடவே வேண்டியதில்லை. மக்கரோவின் ஊசிக்குப் பின்னுக்கு இழுக்கும் ஸ்பிரிங் கிடையாது, அது சும்மா ஓடும், ஆகவே அதில் இது மிக முக்கியம். பாகங்களைக் கழற்றி, கைப்பிடித் தட்டுகளை விலக்கி வைத்துவிட்டு, பெயிண்ட் கரைக்கும் மினரல் ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ஊசியைத் துளைக்குள் போட்டு ஸ்லைடை ஆட்டுங்கள். கடக் கடக் என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்காதவரை திரும்பவும் ஊறவையுங்கள். ஸ்லைடை முன்னுக்குத் தள்ளும் ரீகொயில் ஸ்பிரிங்கைப் புதிதாக மாற்றிவிடுவது என் பழக்கம், பெரிய செலவில்லை, நாற்பது வருடம் அழுந்திக் கிடந்தது தளர்ந்திருக்கும், ஸ்லைட் சட்டத்தில் போய் முட்டும்.

தோட்டா புதிதாகச் செய்ததையே வாங்குங்கள். பழைய கிழக்கு ஐரோப்பிய இராணுவத் தோட்டா மலிவு, குறிப்பாக டோக்கரேவ் என்ற ரஷ்யப் பிஸ்டலின் 7.62 தகரப் பெட்டிகள், ஆனால் அவற்றில் பலவற்றின் அடியில் ஊசி குத்தும் வெடிப்பொட்டில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டபின் குழலில் உப்பு படியும். நம் பக்கம் ஆடி மாதத்தில் உப்புச் சாடி எப்படித் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்கும் என்று தெரியும்தானே, அதேபோல் அந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து ஓரிரு நாளில் குழலைத் தின்றுவிடும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது. தண்ணீர்தான் கரைக்கும். கொதிநீரில் கொஞ்சம் சவர்க்காரம் போட்டு, புனல் வைத்துக் குழலுக்குள் ஊற்றி, சூடு ஆறும் முன்பே துடைத்து, உலர்ந்தபின் எண்ணெய் போடுங்கள். இரும்பில் தண்ணீர் ஊற்றுவதா என்று மனம் பதறும், எனக்கும் பதறியது. ஆனால் அன்று சாயங்காலமே செய்தால் ஒன்றும் ஆகாது.

சுடும் இடத்தில் கண்ணாடியும் காதுமூடியும் இல்லாமல் நிற்காதீர்கள், கூரை போட்ட ரேஞ்ச் என்றால் காதுக்குள் ஒரு அடைப்பு, வெளியே ஒரு மூடி, இரண்டும். குழல் எப்போதும் இலக்குப் பக்கம், விரல் விசைக்கு வெளியே. "டக்" என்று சுடாமல் போனால் உடனே ஸ்லைடை இழுக்காதீர்கள், அரை நிமிடம் இலக்கைப் பார்த்தபடியே பிடித்திருங்கள், தாமதமாக வெடிக்கக்கூடும். வழக்கத்தைவிட மெலிந்த சத்தம் கேட்டால் நிறுத்தி, காலி செய்து, குழலுக்குள் ரவை சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். மேலே சொன்ன வளைய நிழல் வருவது இப்படித்தான்.

ஏழு யார் (கஜம்) தூரத்தில் தொடங்குங்கள், 25 யார் தூரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பழைய பிஸ்டலின் முன்குறி (குழல் நுனியில் குறிபார்க்கும் மேடு) சின்னது, பொலிஸ்காரர் அவசரத்துக்கு எடுக்கச் செய்தது. அந்தச் சின்னக் குறியைத்தான் கண் கூராகப் பார்க்க வேண்டும், இலக்கு மங்கலாகத் தெரிந்தால் தெரியட்டும். புதியவர்கள் எல்லோரும் இதற்கு எதிராகத்தான் செய்வார்கள், இலக்கைக் கூர்ந்து பார்ப்பார்கள், ரவை சிதறும். விசையை விரலின் முதல் கணுவுக்கு முன்னாலிருக்கும் சதையால், எலுமிச்சம்பழத்தைச் சொட்டுச் சொட்டாகப் பிழிவதுபோல், எப்போது வெடிக்கும் என்று நீங்களே எதிர்பார்க்காதபடி அழுத்திக்கொண்டே போங்கள். கீழே இடது பக்கம் ரவை போகிறது என்றால் (வலக்கைக்காரருக்கு) வெடிக்கப்போகிறது என்று கை முன்கூட்டியே குனிகிறது. இதைக் கண்டுபிடிக்க நண்பரிடம் மகசீனைக் கொடுத்து, நடுவில் எங்கோ ஒரு போலித் தோட்டாவைச் சேர்க்கச் சொல்லுங்கள். அது வரும்போது வெடிக்காது, குழல் மட்டும் ஒரு குத்துக் குத்தும். அதைப் பார்த்தால் போதும், யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டிலேயே போலித் தோட்டா வைத்துப் பழகுவது ரேஞ்சைவிடப் பயன். இரவு பத்து நிமிடம், உண்மைத் தோட்டா அந்த அறையிலேயே இருக்கக்கூடாது, எதிரே வெறும் சுவர். முன்குறியின் மேல் ஒரு காசை நிறுத்தி விசையை இழுங்கள், காசு விழக்கூடாது. நான் பெரெட்டாவில் வாரத்துக்கு ஐம்பது தோட்டாவுக்கு மேல் சுட்டதில்லை, பாயிண்ட் 32 தோட்டா சாதாரண 9ஐ விட விலை கூட. ஆனால் காலியாக இழுத்தது ஆயிரக்கணக்கு. செக் நாட்டு சீசெட் 52 மட்டும் வைத்திருந்தால் காலியாக இழுக்காதீர்கள், அதன் பழைய ஊசி முறிவதற்குப் பெயர்போனது.

சுட்டு முடித்ததும் கையையும் முகத்தையும் குளிர்ந்த தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பின்தான் தேத்தண்ணீர், சாப்பாடு எல்லாம். ஈயத்தூசி கண்ணுக்குத் தெரியாது. சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் ரேஞ்சுக்குப் போட்ட சட்டையோடு பிள்ளையைத் தூக்காதீர்கள்.

வைப்பது இரும்புப் பெட்டியில், பூட்டி, சாவி உங்கள் உடம்பில். தோட்டா வேறு பெட்டியில். பிள்ளைக்கு எட்டாத உயரம் என்று ஒன்று கிடையாது, நாற்காலி இருக்கும் வீட்டில். பொலிஸ் பிஸ்டலோடு அழகான தோலுறை ஒன்று சேர்ந்து வரும், அதற்குள் மட்டும் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உறை தொட்ட இடமெல்லாம் துரு ஏறும். ஒஹாயோ வீடுகளின் நிலக்கீழ் அறை கோடையில் ஹப்புத்தளை மூடுபனி நாள் மாதிரிதான், சுவரைத் தொட்டால் கை நனையும். அப்பா வேலைச்சாமான் பெட்டிக்குள் அரங்களோடு ஒரு சீலைப் பொட்டலத்தில் அடுப்புக்கரி கட்டி வைப்பார், ஈரம் கரிக்குப் போகும் என்று, மாதத்துக்கு ஒருமுறை அதை அடுப்பருகே காயவைத்துத் திரும்பக் கட்டுவார். நான் அங்கே சிலிக்கா ஜெல் டப்பா வைத்தேன், அதையும் அவர் செய்ததுபோல மாதாமாதம் ஓவனில் (சூளையடுப்பில்) காயவைத்தேன். பதினைந்து வருடத்தில் ஒரு புள்ளித் துரு ஏறவில்லை.

ஊருக்கு வருகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை எக்காரணம் கொண்டும் பயணப் பையாக எடுக்காதீர்கள், அந்தப் பை வேறு, பயணப் பை வேறு என்று முதல் நாளிலிருந்தே பிரித்து வையுங்கள். பையின் மடிப்புக்குள், தையலோரம், ஒரு வெற்றுக்கோது எப்படியும் போய் ஒளிந்திருக்கும். அன்று சுட்ட சட்டையின் மேல்பையிலும் சூடாக வந்து விழுந்த ஒன்று கிடக்கும், தோய்த்த பிறகும் கிடக்கும். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் எக்ஸ்ரேயில் அது தெரிந்தால், அம்மாவும் தங்கச்சியும் வெளியே வேனோடு காத்திருக்க, உள்ளே நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பீர்கள். பெட்டி கட்டுவதற்கு முதல் நாள் இரவு ஒவ்வொரு பையையும் உட்புறம் வெளிவரப் புரட்டி, தையல் நெடுக விரலை ஓட்டிப் பாருங்கள்.